அடுத்ததாக எதைக் கழற்றப் போகிறார்கள்?

கடந்த டிசம்பரில் அக்காவின் குடும்பம் ஸ்காபரோவிலிருந்து மட்டக்குளிக்கு வந்திருந்தது. ஒரு பின்னேரம் மருமகனைக் கூட்டிக்கொண்டு காக்கைதீவுக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனேன். அவனுக்குப் பதினைந்து வயது. கடலைப் பார்த்ததைவிடக் கைத்தொலைபேசியைப் பார்த்ததுதான் அதிகம். "அப்படி என்னடா பார்க்குற?" என்று கேட்டேன்.

"மாமா, அடுத்தது எதைக் கழட்டுவாங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றான்.

அவன் சொன்னது கனடாஸ் வொண்டர்லாண்ட் பற்றி. ரொறன்ரோவுக்கு வடக்கே, வோன் நகரில் 1981ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. அந்தப் பக்கம் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் அங்கே ஒரு நாளாவது போக வேண்டும். அங்கு புதிய சவாரி ஒன்று எப்போது வரும், அதற்காக எந்தப் பழைய சவாரி போகும் என்று ஊகிப்பது அவனைப் போன்றவர்களுக்கு ஒரு தனி விளையாட்டு.

அந்தப் பூங்காவை நான் நேரில் பார்த்ததில்லை. அவன் சொன்னதைக் கேட்டும் பிறகு தேடி வாசித்தும் ஒன்றைப் புரிந்துகொண்டேன். இது வெறும் வெட்டிப்பேச்சு அல்ல. இதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அந்த முறை வழுக்கி விழும் இடங்களும் இருக்கின்றன. அந்த இரண்டையும் மட்டக்குளியில் இருக்கும் ஒருவர் அறிந்து என்ன பயன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆண்டுகளை எண்ணும் கணக்கு

முதலில் அவர்கள் ஆண்டுகளை எண்ணுகிறார்கள். இந்தப் பூங்காவுக்கு 2008இல் 'பெஹிமத்' வந்தது. 2012இல் 'லெவியாதன்' வந்தது. 93 மீற்றர் உயரம், மணிக்கு 148 கிலோமீற்றர் வேகம். 2019இல் 'யூகோன் ஸ்ட்ரைக்கர்'. 2025 கோடையில் 'அல்பன்ஃபியூரி'. பூங்காவின் நடுவே ஆரம்பத்திலிருந்தே நிற்கும் செயற்கை மலையின் உச்சியைத் துளைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து, ஒன்பது தடவை ஆட்களைத் தலைகீழாகப் புரட்டும் சவாரி அது.

இடைவெளிகள் நான்கு, ஏழு, ஆறு ஆண்டுகள். அப்படியானால் அடுத்த பெரிய சவாரி 2030ஐ ஒட்டி வரலாம் என்பது ரசிகர்களின் கணக்கு. அடுத்த கேள்வி, அதை எங்கே வைப்பார்கள் என்பது. 1981இல் சுற்றிவர வெறும் வயல்வெளியாக இருந்த இடத்தில் இன்று நெடுஞ்சாலையும் பேரங்காடியும் வீடுகளும் இருக்கின்றன. ஆகவே புதியது ஒன்று வருவதானால் பழையது ஒன்று இடம்விட வேண்டிவரும் என்று முடிவுகட்டி, எது போகும் என்று பட்டியல் போடத் தொடங்குகிறார்கள்.

பழையது ஏன் போகிறது?

ஒரு சவாரி பழசானதால் மட்டும் போவதில்லை. அதே பூங்காவில் 1981இல் திறந்த மர ரோலர் கோஸ்டர்கள் இன்னும் ஓடுகின்றன. மரம் உக்கினால் அந்தப் பலகையை மட்டும் மாற்றிவிடலாம். இரும்புச் சவாரிகளின் கதை வேறு.

முதற்காரணம் உதிரிப்பாகம். 'ட்ராகன் ஃபயர்' (1981), 'வோர்டெக்ஸ்' (1991) ஆகிய இரண்டையும் செய்தது அமெரிக்காவின் ஏரோ டைனமிக்ஸ் நிறுவனம். அது 2001இல் வங்குரோத்தானது. செய்த கம்பனி இல்லாமல் போனால் சில்லு ஒன்று தேய்ந்தாலும் தனியாகச் செய்விக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன காரை வைத்திருப்பவர் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்குவது போன்ற நிலைமைதான். அதனால்தான் ரசிகர்களின் பட்டியலில் இந்தப் பெயர்கள் அடிக்கடி அடிபடுகின்றன.

இரண்டாவது, உடம்புக்கு ஏற்காமல் போவது. 1985இல் ஜப்பானிய டோகோ நிறுவனம் செய்த 'ஸ்கைரைடர்' நின்றுகொண்டே போகும் சவாரி. வந்த காலத்தில் அதிசயம். பின்னர், தோள்பட்டைக் கம்பியில் காது அடிபடும் சவாரி என்று பெயர் வாங்கியது. 2014இல் அதை மூடினார்கள். ஆனால் அது பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. கழற்றி, கப்பலேற்றி, இத்தாலியிலுள்ள ஒரு பூங்காவில் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் மீண்டும் பூட்டினார்கள்.

மூன்றாவது, பெயருக்கான உரிமை. 2004இல் 'டூம் ரைடர்' என்று ஒரு சவாரி வந்தது. ஆட்களைக் கூண்டுக்குள் குப்புறப் படுக்கவைத்துப் பறப்பதுபோல் கொண்டுபோகும். அப்போது பூங்கா பரமவுண்ட் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2006இல் அது சீடர் ஃபெயார் நிறுவனத்துக்குக் கைமாறியது. திரைப்படப் பெயர்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட, இந்தச் சவாரி 'டைம் வார்ப்' ஆனது. 2024 பருவத்தோடு அதுவும் விடைபெற்றது.

நான்காவது, வெறும் வியாபாரம். ஒரு பருவத்துக்கான நுழைவுச்சீட்டை விற்க வேண்டுமானால் 'புதியது' என்ற சொல் வேண்டும். பழைய சவாரியைக் கவனமாகப் பராமரித்தோம் என்று யாரும் விளம்பரம் போடுவதில்லை.

தடயங்கள்

பூங்கா நிர்வாகம் வாய் திறக்காது. ஆனால் கட்டுவதற்கு அனுமதி வேண்டும், அனுமதி கேட்டால் காகிதம் உருவாகும். அந்தக் காகிதம் பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக இருந்தால் ரசிகர்கள் அதைப் பார்த்துவிடுவார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் நீர்வடிகால் மாற்றங்களுக்குப் பிராந்திய நீர் முகாமைத்துவ அமைப்பிடம் அனுமதி பெற வேண்டும். அந்த விண்ணப்பங்களும் வரைபடங்களும் பகிரங்கமானவை. டிஸ்னி ரசிகர்கள் அவற்றை வரி வரியாக வாசிக்கிறார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவும் அப்படித்தான். புதிய பெயர் ஒன்றைப் பதிவு செய்தால் அதை யாரும் தேடிப் பார்க்கலாம்.

மற்றவை நிலத்தில் தெரிபவை. அளவையாளர் அடித்த முளை, தரையில் தெளித்த நிறம், மண் பரிசோதனைக்குத் தோண்டிய குழி, வேலிக்குப் பின்னால் இறக்கப்பட்ட தண்டவாளத் துண்டின் வர்ணம். இவற்றோடு பராமரிப்பு குறைவதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். விளக்கு எரியவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை, வாரக்கணக்கில் மூடிக் கிடக்கிறது என்றால், போகப்போகிறது என்று அர்த்தம் கொள்கிறார்கள்.

ஊகம் வழுக்கும் இடம்

இத்தனை கவனம் இருந்தும் அவர்கள் பிழைவிடுவதற்கு நல்ல உதாரணம் புளோரிடாவின் மேஜிக் கிங்டம். 2022 செப்டெம்பரில் டிஸ்னி நிர்வாகம், 'பிக் தண்டர் மவுண்டன்' என்ற சவாரிக்கு 'அப்பால்' என்ன வரலாம் என்று சில யோசனைகளைக் காட்டியது. 'அப்பால்' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பூங்காவின் எல்லைக்கு வெளியே உள்ள வெறுங்காணிதான் பயன்படப்போகிறது, பழையது எதுவும் போகாது என்று பலர் நம்பினார்கள்.

2024 ஓகஸ்டில் 'கார்ஸ்' திரைப்படத்தை ஒட்டிய புதிய பகுதி வருகிறது என்று அறிவித்தார்கள். அது வருவது வெறுங்காணியில் அல்ல, 1971இலிருந்து பூங்காவுக்குள் ஓடிய செயற்கை ஆற்றையும் டொம் சோயர் தீவையும் நிரவிய இடத்தில் என்பது அதன் பின்னரே தெளிவானது. 2025 ஜூலை 6ஆம் திகதி நீராவிப் படகு கடைசித் தடவையாக ஓடியது. படத்தில் புதியதைக் காட்டியவர்கள், போகப்போவதைக் காட்டவில்லை.

அதே 2024 ஓகஸ்டில் பக்கத்திலுள்ள ஹொலிவூட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கு 'மொன்ஸ்டர்ஸ் இன்க்' ரோலர் கோஸ்டர் ஒன்றையும் அறிவித்தார்கள். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்கள், இந்த மூலையா அந்த மூலையா என்று வாதம் நடந்தது. நவம்பரில் பதில் வந்தது. பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் இறப்பதற்கு முன் கடைசியாக வேலை செய்த படைப்புகளில் ஒன்றான 'மப்பெட் விஷன்' அரங்கு இருந்த மூலைதான் போனது. 1991இல் திறந்த அந்த அரங்கு 2025 ஜூனில் மூடப்பட்டது.

இந்த இரண்டிலிருந்தும் மூன்று பாடங்கள் எடுக்கலாம். முளை அடித்திருப்பது உண்மை, ஆனால் அது எதற்கென்பது முளையில் எழுதியிருக்காது. நிர்வாகத்தின் மௌனம் ஆமோதிப்பும் அல்ல, மறுப்பும் அல்ல. மூன்றாவது, மனிதர்கள் தாங்கள் விரும்பாத சவாரிதான் போகும் என்று ஊகிக்கிறார்கள், விரும்புவது போகாது என்று நம்புகிறார்கள்.

எங்கள் தோட்டத்துச் சுவர்

மருமகன் முளைகளைப் பற்றிச் சொன்னபோது எனக்கு எங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் வந்த இருவர், வரிசையாக வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெயின்டால் இலக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். எதற்கென்று சொல்லவில்லை. அன்று பின்னேரமே ஊகம் தொடங்கியது. பாதை வரப்போகிறது, மாடிக் குடியிருப்புக்கு ஏற்றப்போகிறார்கள், காணி விற்றாகிவிட்டது. ஹேனமுல்லையில் எழுந்து நிற்கும் மாடிகளைத் தினமும் பார்க்கும் எங்களுக்கு அது வீண்பயமாகத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா இரண்டு மாரிகளாகக் கூரைத் தகரத்தை மாற்றவில்லை. உடைக்கப்போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்றார். இன்னொரு குடும்பம் கிடைத்த விலைக்குக் கைமாற்றிவிட்டு வத்தளைப் பக்கம் போனது. கடைசியில் ஓய்வுபெற்ற லிகிதர் ஒருவர் தகவல் கேட்டு எழுதினார். வடிகாலை அகலப்படுத்தும் அளவை வேலைக்காக இட்ட இலக்கங்கள், வீடுகள் எதுவும் பாதிக்கப்படாது என்று பதில் வந்தது. ஒரு தாள். அது அன்றைக்கே சுவரில் ஒட்டப்பட்டிருக்கலாம்.

வொண்டர்லாண்ட் பற்றிய ஊகம் பிழைத்தால் மருமகனுக்கு நட்டம் எதுவுமில்லை. நமக்குப் பிழைத்தால் கூரை ஒழுகும், வீடு கைமாறும். ஆகவே அந்தப் பிள்ளைகளிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது ஊகத்தை அல்ல, காகிதத்தைத் தேடும் பழக்கத்தை.

இங்கேயும் காகிதம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

தனியார் காணியை அரசு எடுப்பதற்கு 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. அதன் 2ஆம் பிரிவு அறிவித்தல், காணி தேவைப்படலாம், அளக்க வருவோம் என்று சொல்வது மட்டுமே. எடுக்க எண்ணியிருக்கிறோம் என்று சொல்லி ஆட்சேபனை கேட்பது 4ஆம் பிரிவு அறிவித்தல். ஆட்சேபனைக்குக் குறைந்தது 14 நாட்கள் தர வேண்டும். கையில் வந்த தாள் எந்தப் பிரிவின் கீழ் வந்தது என்று பார்ப்பதே முதல் வேலை. உறுதி இல்லாமல் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு முழுமையாக எட்டுவதில்லை. அதனால் அவர்கள் இன்னும் முன்கூட்டியே கேட்க வேண்டியிருக்கிறது.

போகுமுன் மருமகன் சுவரில் மங்கிப்போயிருந்த இலக்கத்தைக் கண்டு, "இது என்ன மாமா?" என்றான். வடிகாலுக்கு என்றேன். "எப்படித் தெரியும்?" என்று கேட்டான். லிகிதர் வாங்கிய கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். அவன் அதையும் படம் எடுத்துக்கொண்டான்.