பிரேக் ஆயில் ஏன் குறைகிறது?

சாவியைத் திருப்பியதும் கார் டாஷ்போர்டில் எரியும் விளக்குகளில் முக்கியமானது, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு. அந்த நேரத்தில் அது எரியத்தான் வேண்டும். விளக்கு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எஞ்சின் கிளம்பி ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அணைந்துவிட வேண்டும். பல கார்களில் ஹேண்ட் பிரேக்குக்கும் பிரேக் ஆயில் மட்டத்துக்கும் இந்த ஒரே விளக்குதான். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். ஓடும் வண்டியில் விளக்கு எரிந்தால், ஹேண்ட் பிரேக் சரியாக இறங்கவில்லை போலும் என்று லிவரை ஒருமுறை ஆட்டிவிட்டுப் பலர் போய்விடுகிறார்கள். லிவர் முழுக்க இறங்கிய பிறகும் விளக்கு எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் மட்டத்தை.

பானட்டைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கம் பின்சுவரை ஒட்டி, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். அதில் ‘மேக்ஸ்’, ‘மின்’ என்று இரண்டு கோடுகள். உள்ளே ஒரு மிதவை. ஆயில் இறங்க மிதவையும் இறங்கி, ‘மின்’ கோட்டை நெருங்கும்போது சுவிட்சைத் தூண்டிவிடும். மட்டம் விளிம்பில் நிற்கும்போது வளைவிலும் வேகத்தடையிலும் ஆயில் அலைவதால் விளக்கு மின்னி மின்னி மறையும். அப்போதே கவனித்துவிட்டால் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.

பிரேக் ஆயில் பெட்ரோலைப் போல எரிந்து செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது மட்டுமே அதன் வேலை. ஆகவே மட்டம் இறங்கினால் அதற்குக் காரணம் இருந்தே தீரும்.

முதல் காரணம் தேய்மானம். டிஸ்க் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே வந்து நிற்கும். பின்னால் உண்டாகும் இடத்தை டப்பாவிலிருந்து வரும் ஆயில் நிரப்பும். ஆயில் எங்கும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. பல மாதங்களில் மெல்ல மெல்ல இறங்கிய மட்டம் பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். இந்த நிலையில் ஆயிலை ஊற்றி நிரப்பினால் விளக்கு அணைந்துவிடும், தேய்ந்த பேட் அப்படியே இருக்கும். பிறகு புது பேட் மாட்டப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பாவிலிருந்து பொங்கி வழியும். பட்ட இடத்தில் பெயிண்டை அரித்துவிடும்.

இரண்டாவது காரணம் கசிவு. சில நாட்களிலேயே மட்டம் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் கசிந்தால் டயரின் உட்புறம் ஈரமாகத் தெரியும். முன்சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைகிற ரப்பர் ஹோஸ் வெடிப்பு விடலாம். பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால், மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டருக்குள் ஆயில் இறங்கும். தரையில் ஒரு சொட்டுகூட விழாது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் இந்தக் கசிவைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுப்பாதையில் போய்வந்த வண்டியின் சக்கரத்தில் கரிசல் மண் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் கல்லாக இறுகி, ஹோஸையும் அதன் மூட்டையும் மூடிவிடும்; அடியில் ஈரம் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. மழை விட்டதும் சக்கரத்தின் உட்புறத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்ப்பது இந்த மண்ணுக்குத் தேவையான பழக்கம். சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரில் சேறு அடைத்தால் ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கும் எரியக்கூடும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயம். மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். அவசரத்தில் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் இருக்காது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் பழுதாகியிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

சிவப்பு விளக்கு அறிந்தது மட்டத்தை மட்டும்தான். ஆயிலின் தரத்தை அது அறியாது. கார்களில் பொதுவாக ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. கரிசல் சமவெளியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதே காரில் கொடைக்கானல் போய் இறங்கும்போதுதான் தெரியும். விடாமல் மிதித்த பிரேக் சூடேறி, பழைய ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. டப்பா நிறைந்திருப்பதால் விளக்கும் எரியாது. அதனால்தான் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றச் சொல்கிறார்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியில் இறங்குவது பிரேக்குக்குப் பெரிய உதவி.

ஆயில் ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். கோடையில் பானட்டுக்குள் படியும் கரிசல் புழுதி மாவாக மெல்லியது. மூடியைச் சுற்றித் துடைக்காமல் திறந்தால் அது நேராக ஆயிலில் விழும். எந்த டாட் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். அதையே, சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டும். எப்போதோ திறந்து பட்டறை மூலையில் கிடக்கும் பாட்டில் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் கெடும்.

இன்றைய கார்களில் பிரேக் குழாய்கள் இரண்டு தனிப் பிரிவுகள். ஒன்று கசிந்தாலும் மற்றது பிடிக்கும். ஆனால் பெடல் ஆழமாக இறங்கும், நிற்கும் தூரம் கூடும். சாத்தூருக்கும் கயத்தாறுக்கும் இடையே நான்குவழிச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடக்கிறது. அங்கே சிவப்பு விளக்கு எரிந்து பெடலும் இறங்கினால், ஆக்சிலேட்டரை விட்டு, பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி ஓரம் கட்ட வேண்டும். கோவில்பட்டி இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே என்று அதே வண்டியை ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.