தோட்டாவும் அதன் கூடும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கார்ன்வாலிஸ் கோட்டையில், ஸ்ரீ ரம்பாய் என்னும் பீரங்கி உள்ளது. 1603இல் ஒல்லாந்தர் வார்த்தது. அதன் வாய்வழியே முதலில் மருந்தையும் பின்னர்க் குண்டையும் இட்டுக் கெட்டிப்பர். அக்கால வேட்டைத் துப்பாக்கிக்கும் இதுவே முறை. மருந்து, குண்டு, தீமூட்டும் குமிழ் ஆகிய மூன்றையும் பித்தளைக் கூடொன்றில் அடக்கியதே பிற்காலத் தோட்டா. 'தோட்டா' இந்துஸ்தானிச் சொல். 'மருந்து', 'குண்டு' தமிழ்ச் சொற்கள்.

சுட்டபின் எஞ்சுவது கூடு மட்டுமே. தோட்டாவின் உறுப்புகளுள் பொதுவாக விலை மிக்கதும் அதுவே. ஆதலின் அமெரிக்கா முதலிய நாடுகளில் வேட்டையாடுவோர் பலர் அதனைத் தூய்மைசெய்து, பழைய அளவிற்கு ஒடுக்கி, மீண்டும் நிரப்புகின்றனர்.

இதில் பிழைக்கு இடமில்லை. பழைய கரிமருந்தைச் சிறு கிண்ணத்தால் முகந்து இட்டனர். 1884இல் பிரான்சு நாட்டுப் போல் வியேய் கண்ட புகையில்லா மருந்தோ அதனினும் பன்மடங்கு வலியது. அதே கிண்ணத்தால் முகந்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும். எனவே, தராசில் நிறுத்தலே முதற்பாடம். நிறையலகு 'கிரெயின்', 7000 கிரெயின் ஒரு ராத்தல். தானியமணி என்பதே அச்சொல்லின் பொருள்.

மலேசியாவிலோ, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா வைத்திருத்தலே குற்றம். ஆகவே, இம்முறை இங்கு அறிந்துகொள்வதற்கே உரியது; வீட்டில் செய்து பார்ப்பதற்கு உரியதன்று.