காரட்டுக்குத் துணை போகும் வெண்ணெய்ப்பழம்

தினம் ஓர் அவகாடோ, அதாவது வெண்ணெய்ப்பழம், சாப்பிட்டால் தொப்பை கரையுமா? கரையும் என்று அடித்துச் சொல்லும் காணொளிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் இதை முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள். இடுப்புச் சுற்றளவு கூடிய ஆயிரம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு 26 வாரம் தினம் ஒரு பழம் கொடுத்தார்கள். 2022-ல் வந்த முடிவு: வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பில் வித்தியாசம் இல்லை. கெட்ட கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் அளவு குறைந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே அவகாடோ வணிகர்களின் வாரியம்தான் என்பதால், தொப்பை கரையவில்லை என்ற இந்த முடிவை நம்பலாம்.

அதற்காகப் பழத்தை ஒதுக்க வேண்டியதில்லை. 100 கிராம் சதையில் 160 கலோரி, சுமார் 15 கிராம் கொழுப்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஆலிவ் எண்ணெயில் இருக்கும் நல்ல வகை. நார்ச்சத்து 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பொட்டாசியம் வாழைப்பழத்தைவிட அதிகம். சர்க்கரை ஒரு கிராம்கூடத் தேறாது. ஜூஸ் கடையில் மில்க் ஷேக் அடிக்கும்போது அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஆனால் இந்தப் பழத்தின் உண்மையான சாமர்த்தியம் பக்கத்தில் இருக்கும் காய்கறியிடம் தெரிகிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சாலட்டோடு 150 கிராம் அவகாடோ சேர்த்தபோது, சேர்க்காதபோதைவிட, காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடலில் 15 மடங்கு சேர்ந்தது. சாப்பிட்ட காய்கறி அதேதான்.

எப்படி? கரோட்டின் தண்ணீரில் கரையாது. குடலுக்குள்ளோ எங்கும் தண்ணீர். கொழுப்பு வந்து சேர்ந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பாய்ச்சுகிறது. பித்த உப்புகள் செரித்த கொழுப்பைச் சுற்றி வளைத்து, மைசெல் என்னும் நுண்ணிய உருண்டைகளாகின்றன. ஒகேனக்கல் பரிசல்தான் இது. வெளிப்பக்கம் தண்ணீரோடு உறவாடும். உள்ளே கரோட்டின், வைட்டமின் இ, கே என்று நீருக்கு அஞ்சும் பயணிகள். உணவில் கொழுப்பே இல்லையென்றால் துறையில் போதிய பரிசல் இருக்காது. கரோட்டின் ஏறாமலே மலத்தோடு போய்விடும். அக்கரையில், அதாவது குடல் சுவரில், பயணிகள் இறங்கியதும் பரிசல் ஆற்றோடு கீழே போகிறது. சிறுகுடலின் கடைசியில் பித்த உப்பில் ஏறத்தாழ 95 சதவீதம் உறிஞ்சப்பட்டு, ரத்தவழியாகக் கல்லீரலுக்குத் திரும்புகிறது. ஒகேனக்கல்லிலும் பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைவழியே மேலே நடப்பார். நார்ச்சத்து சில பரிசல்களை மடக்கி வெளியே இழுத்துப் போய்விட்டால், கல்லீரல் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால்! நார்ச்சத்து மிகுந்த உணவு கொலஸ்ட்ராலைக் குறைப்பதில் இந்த வழிக்கும் பங்குண்டு.

பழத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காட்டு மரம். இன்று உலகச் சந்தையை ஆளும் ஹாஸ் ரகத்துக்கு, கலிபோர்னியாவின் தபால்காரர் ருடால்ஃப் ஹாஸ் 1935-ல் காப்புரிமை பெற்றார். நம் தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டங்களுக்கு இடையே விளைவது பெரும்பாலும் வேறு ரகங்கள்.

அதே ஒஹாயோ ஆய்வில் விளம்பரங்கள் சொல்லாத இன்னொரு தகவலும் உண்டு: பழத்துக்குப் பதில் 24 கிராம் அவகாடோ எண்ணெய் சேர்த்தபோதும் பலன் அதேதான். வேலை செய்தது கொழுப்பு. தேங்காய் துருவிப் போட்டு, எண்ணெயில் தாளித்த முருங்கைக்கீரைப் பொரியலிலும் அந்தப் பரிசல்கள் ஓடுகின்றன. வெண்ணெய்ப்பழம் விலைக்குக் கட்டுப்படாதவர்கள் ஏங்க வேண்டாம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மட்டும், மருத்துவரிடம் கேட்ட பிறகே இந்தப் பழத்தைத் தொட வேண்டும்.