ஒலிவாங்கி யார் கையில்? வீட்டு ஒலிப்பதிவும் பாடலின் உரிமையும்

சிதம்பரத்தின் பெயரோடு பிரிக்க முடியாமல் கலந்துவிட்டது நந்தனின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதைக் கீர்த்தனைகளாக இயற்றினார். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்துப் பாடினர். தேசிகர் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையிலும் பணியாற்றினார். அவர்களின் குரல்வளத்தைப் பற்றி இங்கே வழக்கில்லை. நந்தன் பிறந்த சேரியின் குரல் அந்தப் பதிவுகளில் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. ஒலிப்பதிவுக் கூடமும் கருவியும் முதலீடும் பிறர் கையில் இருந்தபோது, கதை மட்டுமே சேரியிலிருந்து எடுக்கப்பட்டது.

கருவி என்ற தடை இன்று பெருமளவு விலகிவிட்டது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே குரலையும் ஒரிரு கருவிகளையும் பதிவு செய்யப் போதுமானது. ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். அதன் நிரல் அனைவருக்கும் திறந்தது. இவற்றோடு ஒரு மைக், அதைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், கம்பியுள்ள ஒரு ஹெட்போன் ஆகியவை வேண்டும். புளூடூத் ஹெட்போன் கூடாது. ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால், அதைக் கேட்டபடி பாடுபவரின் தாளம் தவறும். மைக்கில் டைனமிக், கண்டென்சர் என இரு வகை உண்டு. கடைக்காரர் பெரும்பாலும் கண்டென்சரைப் பரிந்துரைப்பார். அது நுட்பமானதுதான், ஆனால் மின்விசிறியையும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியையும் அதே நுட்பத்தோடு பதிவு செய்யும். நெருக்கமான குடியிருப்பில் வாழ்வோருக்கு டைனமிக் மைக்கே ஏற்றது.

தகரக் கூரையும் வெறுஞ்சுவரும் கொண்ட அறை எதிரொலிக்கும். பாடுபவரின் பின்னாலும் இரு பக்கங்களிலும் கனத்த போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டால் அந்த எதிரொலி வெகுவாகக் குறையும். பதிவின்போது மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிடுவது நல்லது. நில இணைப்புச் சரியில்லாத வீடுகளில் எழும் இரைச்சல் அதனால் பெரும்பாலும் நின்றுவிடும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில் ஒரு மணி நேர ஒற்றைத் தடப் பதிவு ஏறத்தாழ 520 எம்.பி. இடம் பிடிக்கும். ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்குமாறு அளவைக் குறைத்து வைக்க வேண்டும். மெல்லிய பதிவைப் பிறகு உயர்த்தலாம். பூஜ்யத்தைத் தொட்டுச் சிதைந்த ஒலியை மீட்பது அரிது.

பறைக்கு இந்த விதிகள் மட்டும் போதா. சிறிய அறைக்குள் பறையை அடித்தால் ஒலி சுவர்களில் மோதிக் குழம்பும். அறுவடை முடிந்த வயலோ திறந்த திடலோ அதற்கு உகந்த இடம். மைக்கை ஒரு மீட்டர் தள்ளி, தோலுக்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்வாக வைத்தால் அடிக்குச்சியின் கனமும் சிண்டுக்குச்சியின் கூர்மையும் ஒருசேரக் கிடைக்கும். காற்றின் இரைச்சலைத் தவிர்க்க மைக்கின் மேல் பஞ்சுறை அவசியம். கடற்காற்று எழுமுன், காலையிலேயே முடித்துவிடுவது இன்னும் நல்லது. ஈரக்காற்றில் தோல் தளரும். ஆகவே தீயில் காய்ச்சியவுடன் குறுகிய பகுதிகளாகப் பதிவு செய்ய வேண்டும். மென்பொருளிலுள்ள மெட்ரோனோமைக் கேட்டு அடிக்கும்படி பறைக் கலைஞரை வற்புறுத்தக் கூடாது. அடவு உச்சத்தை நோக்கி விரைவதே பறையின் இயல்பு. அதைப் பிழையென்று கருதித் திருத்தினால் எஞ்சுவது வேறொரு இசை. முதலில் பறையைப் பதிவு செய்து, பாடகர் அதை ஹெட்போனில் கேட்டபடி வீட்டிலேயே பாடலாம்.

ஆனால் எல்லோரும் பறையை எடுக்க விரும்புவார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள், பறையடிப்பது சாதிக் கடமை என்னும் கட்டாயத்துக்கு எதிராக மக்களைத் திரட்டியவர்; தீண்டாமை குறித்த மத்திய அரசுக் குழுவுக்குத் தலைமையேற்று 1969இல் அறிக்கை அளித்தவரும் அவரே. போராடிப் பறையைக் கீழே வைத்த குடும்பத்துப் பெரியவர் மீண்டும் அடிக்க மறுத்தால், அந்த மறுப்புக்கும் வரலாறு உண்டு. ஒப்பாரியிலும் இத்தகைய தயக்கம் உண்டு. சாவில்லாத வீட்டில் அதைப் பாடக் கூடாதென்று பல பெண்கள் கருதுகின்றனர். இடத்தையும் நேரத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

பதிவு முடிந்தபின் எழுவது உரிமை குறித்த கேள்வி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் ஆசிரியர் அதைத் தயாரிப்பவரே. அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்று அதை உருவாக்குபவர். அந்தப் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடியவருக்கு 'நிகழ்த்துநர் உரிமை' தனியே உண்டு. அதன் காலம் 50 ஆண்டுகள். தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநருக்கு வழங்கியது. இயற்றியவர் அறியப்படாத நாட்டுப்புறப் பாடலில் நடைமுறையில் விலைபோவது பதிவுதான். எனவே மடிக்கணினியோடு சேரிக்குள் நுழையும் மாணவரே, அவர் அந்தச் சேரியைச் சேர்ந்தவராயினும், சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் ஆகிவிடக்கூடும். பதிவுக்கு முன்பே ஒரு தாளில் பாடியவர், பறையடித்தவர், பதிவு செய்தவர் ஆகியோரின் பெயர்களையும், பதிவு அனைவருக்கும் கூட்டுடைமை என்பதையும், வருவாயின் பங்கீட்டையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

புகழ் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது தவறான கணக்கு. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலில் அறிவு தம் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்வைப் பாடினார், உலகம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாததைப் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தப் பாடலிலிருந்து தமக்கோ அறிவுக்கோ தீக்கோ வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் கூறினார். அறியப்பட்ட கலைஞர்களுக்கே நிலை இதுவென்றால், கையொப்பத் தாள் ஏதுமற்ற கிராமத்துப் பாடகரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மூலப் பதிவை எம்பி3ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே இரு இடங்களில் சேமிக்க வேண்டும். ஒன்று பதிவு செய்தவரிடம், மற்றொன்று பாடியவரின் வீட்டில். கோப்பின் பெயரிலேயே பாடியவர், ஊர், நாள் மூன்றும் இருக்கட்டும்.