பழைய மெசியின் உள்ளே இருப்பது எது?

காலபோக உழவு தொடங்கும்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வயல்களில் இறங்கும் உழவு மெசின்களுள் அரை நூற்றாண்டைத் தாண்டிய மெசி பேர்குசன் 35, 135 ஆகியவை இன்னமும் உண்டு. நேரத்துக்கு ஒயிலும் பில்டரும் மாற்றினால் அவை ஓடிக்கொண்டே இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்த வன்னி மாவட்டங்களில் அது மட்டும் போதாது. 1990இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த பொருளாதாரத் தடையில் எரிபொருளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் வழி அடைபட்டது. கிடைத்ததைப் பொருத்தியே மெசினை ஓட்டினார்கள். 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வில் இழுவைப் பெட்டி பூட்டிய மெசின்கள் வீட்டுச் சாமான்களையும் வயோதிபரையும் ஏற்றிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை போயின. பெரும்பாலானவை அங்கேயே கைவிடப்பட்டன. மீள்குடியேறியபோது ஒன்றின் கியர்பெட்டியும் இன்னொன்றின் எஞ்சினும் சேர்ந்துதான் மீண்டும் ஒரு மெசின் ஆனது. ஆகவே இங்கே பராமரிப்புக்கு முன் அடையாளம் காண வேண்டும். அதையும் பாகம் பாகமாகக் காண வேண்டும்.

வெளித்தோற்றம் தொடக்கம்தான். வளைந்த முகப்பு 35க்கு உரியது. 1964 இறுதியில் வந்த 135க்கு முகப்பு சதுரமானது. ஆனால் பொனட்டைக் கழற்றி மாற்ற ஒரு மணித்தியாலம் போதும். எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும். டீசல் பம்பிலிருந்து நொசில்களுக்குப் போகும் உருக்குக் குழாய்களை எண்ணுங்கள். நான்கு இருந்தால் தொடக்ககால 35களில் வந்த ஸ்டாண்டர்ட் எஞ்சின். மூன்று இருந்தால் 1959 அளவிலிருந்து பொருத்தப்பட்ட பேர்கின்ஸ். முன்னதன் கொள்ளளவு 2.26 லீற்றர், பின்னதன் கொள்ளளவு 2.5 லீற்றர். ஸ்டாண்டர்டின் லைனரைச் சுற்றித் தண்ணீர் நேரடியாக ஓடும். பேர்கின்ஸின் லைனர் புளொக்கின் துளைக்குள் இறுக்கமாக உட்காரும். ஒன்றின் பிஸ்டன் செட் மற்றதற்குப் பொருந்தாது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாபே நிறுவனத்தின் மெசின்களும் மெசி குடும்பத்தைச் சேர்ந்தவையே. உறவு நெருங்கியதால் சில பாகங்கள் அப்படியே பொருந்தும், சில பொருந்தாது. அதனால்தான் குழப்பமும் கூடுகிறது. ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத்தகடு பதிவின் காலத்தைச் சொல்லுமே தவிர, உள்ளிருக்கும் எஞ்சினின் வயதைச் சொல்லாது. எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் தனித்தனியே பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

கைதேர்ந்த மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே எல்லாம் சொல்லிவிடுவார், இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். நோயை அவர் சொல்வார், உண்மைதான். ஆனால் வவுனியாக் கடையில் பாகம் வாங்கப்போகும் கைக்கு அளவு வேண்டும். பேர்கின்ஸின் சிலிண்டர் விட்டம் முதலில் 91.4 மில்லிமீற்றர், முன்பே கடைந்து பெருப்பித்த எஞ்சினென்றால் அதுவும் மாறியிருக்கும். அளந்து எழுதி வைத்தால் மெக்கானிக் மாறினாலும் தகவல் தங்கும்.

அடையாளம் தெரிந்தபின் ஆபத்து எங்கே என்பதும் தெரியும். 35, 135 இரண்டிலும் கியர்பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில். ஹைட்ரோலிக் பம்ப் அதற்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. சேற்று உழவில் கியர்த் தடியின் ரப்பர் உறை வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீர் புகுந்தால் மூன்றும் ஒன்றாகப் பாதிக்கப்படும். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் அதுதான் காரணம். இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் அடிப்பக்கப் பூட்டாணியைச் சற்றுத் தளர்த்தினால், கீழே தங்கிய தண்ணீர் முதலில் வடியும். வெளுத்த ஒயிலை மாற்றி, உறையையும் சீலையும் புதுப்பிக்கும் செலவு, பம்பைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். மழைக்கு முந்திய புழுதி உழவில் பகை தூசு: ஒயில் கிண்ணம் உள்ள காற்று வடிகட்டியை அந்த நாட்களில் தினமும் திறந்து பார்க்க வேண்டும். பேர்கின்ஸின் சுழல்வகை டீசல் பம்புக்கு டீசலே மசகும் ஆகும். தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் அதன் உள்ளுறுப்புகள் தேயும்.

கடன் எடுத்துப் புதியது வாங்கலாமே என்பார்கள். போருக்குப் பின் இந்தியா வட மாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்கள் வழங்கியது பேருதவிதான். ஆயினும் இரண்டு மூன்று ஏக்கர் செய்பவருக்குத் தவணைக் கடன் ஒரு போகம் பிழைத்தாலே கழுத்தை நெரிக்கும். அவருக்குச் சொந்தப் பழைய மெசின் நியாயமான தெரிவு. இறுகிய களிமண்ணில் பெரிய சுழல் கலப்பையை இழுக்க அதனால் ஆகாது. அந்த வேலைக்கு வாடகை மெசின் போதும். பாதுகாப்பைப் பற்றிய ஆட்சேபம் மட்டும் முற்றிலும் சரியானது. பின் அச்சு சீல் கசிந்தால் ஒயில் பிரேக் சப்பாத்தில் படியும்; வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவிட்ட இரு பிரேக் மிதிகளை வீதியில் இணைக்க மறந்தால் மெசின் ஒரு பக்கம் இழுக்கும். இவை திருந்தும்வரை நெல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு அந்த மெசின் ஏ9 வீதியில் ஏறவே கூடாது.