பம்ப்பைக் கண்டு பயமா?

நடுநிசி. பக்கத்தில் படுத்திருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு இழுப்புக் கண்டிருக்கிறது. நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவது போல் சத்தம். நீங்கள் என்ன செய்வீர்கள்? அலமாரியில் சிரப்பைத் தேடுவீர்கள். "பம்ப்பெல்லாம் வேண்டாம், பழகிப் போய்விடும்" என்று மாமியார் சொல்லியிருப்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெகு காலம் டாக்டர்களே சிரப்பைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்!

இப்போது ஏன் மாற்றிக்கொண்டார்கள்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சால்பூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பம்ப்பை ஒரு தடவை அழுத்தினால் வருவதோ 100 மைக்ரோகிராம். அதாவது இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும். கை நடுங்குவதும் இதயம் படபடப்பதும் அதனால்தான். பம்ப் மருந்து நேரே மூச்சுக் குழலுக்குப் போகிறது. சில நிமிஷங்களில் குணம் தெரிகிறது.

இந்தப் பம்ப் பிறந்ததே ஒரு சிறுமியால்தான். 1955-இல் அமெரிக்காவில் ரைக்கர் மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமாக்காரியான அவர் மகள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி தன் மருந்தும் வரக்கூடாதா என்று கேட்டாள். மறு வருஷமே கடைக்கு வந்துவிட்டது!

"சின்னக் குழந்தைக்கு மருந்தை உறிஞ்சத் தெரியாதே!" என்கிறீர்களா? வாஸ்தவம். அதற்குத்தான் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயும் முகமூடியும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, ஒரு அழுத்து. குழந்தை சாதாரணமாக ஐந்தாறு தடவை மூச்சு விட்டால் போதும். அழுகிற குழந்தைக்கு மருந்து சரியாக உள்ளே போகாது. ஆகையால் பகலிலேயே பொம்மைக்கு மாட்டி விளையாட விடுங்கள்.

தினமும் போடச் சொல்லும் பம்ப் வேறு. அதில் இருப்பது ஸ்டிராய்டு. பிள்ளை வளராதோ என்ற கவலை நியாயமானதே. சில வருஷங்கள் அப்படிப் போட்டுக்கொண்ட அமெரிக்கக் குழந்தைகள், வளர்ந்து ஆளான பிறகு, சராசரி 1.2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்ததாக 2012-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. அரை அங்குலத்துக்காக, அடிக்கடி மூச்சுக்குத் தவிக்கும் குழந்தைக்கு மருந்தை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்டதும் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

தித்திப்பாக மெல்லும் மாண்டெலூகாஸ்ட் மாத்திரை விஷயத்திலும் டாக்டர்கள் இப்போது யோசிக்கிறார்கள். கெட்ட கனவு, காரணமில்லாத கோபம் முதலியவை வரக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க அரசாங்கம் கடும் எச்சரிக்கை விடுத்தது. குழந்தை தூக்கத்தில் அலறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பம்ப் போட்டும் விலா உள்வாங்குகிறதா? உதடு நீலம் பாய்கிறதா? விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பம்ப்பும் ஸ்பேசரும் கையோடு இருக்கட்டும்.