எந்தப் பெட்டி முன்னே? எந்தப் பெட்டி பின்னே?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர் வீடுகளின் பரண்களில் பழைய டேப் ரிக்கார்டரும் கேசட்டுகளும் இன்னும் இருக்கின்றன. சினிமாப் பாட்டும் கச்சேரியும் மட்டும் அல்ல. ஊரில் இருந்த தாய் தந்தையின் பேச்சைப் பிடித்து வைத்த கேசட்டுகளும் உண்டு. பாட்டு போனால் வேறு வாங்கலாம். மறைந்தவர் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

அந்தக் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கப் பலர் விரும்புகிறார்கள். வேண்டிய ஒயர்கள் கிராண்ட் ரோடு ஸ்டேஷன் அருகே லாமிங்டன் ரோடு கடைகளில் கிடைக்கும். ஆனால் பெட்டிகளை இணைக்கும் வரிசை தவறினால், தாதரில் இறங்க வேண்டியவர் தாணாவில் இறங்கிய கதைதான்.

விதி ஒன்றே

பதிவின்போது மாற்றியதை முதலில் நேர் செய்ய வேண்டும். நம் ருசிக்கு மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

இசைத்தட்டில் தாழ்ந்த ஒலியைக் குறைத்தும், கீச்சொலியைக் கூட்டியும் பதிக்கிறார்கள். அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளின் சங்கம் 1954-ல் வகுத்த அளவே இதற்கு நிலைத்தது. காந்த ஊசியிலிருந்து வருவதோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆகவே அந்த ஒயர் ஆம்ப்ளிபையரில் 'போனோ' என்று எழுதிய சாக்கெட்டுக்கே போக வேண்டும். அங்கேதான் ஒலி பெருகி, பழைய நிலைக்குத் திரும்புகிறது. டேப் ரிக்கார்டரை அதில் செருகினால் ஒலி சிதறிவிடும்.

டால்பி செய்யும் வேலை

பிலிப்ஸ் கம்பெனியின் கேசட் 1963-ல் வந்தது. அதன் 'உஸ்' என்ற இரைச்சலை அடக்க 1968-ல் வந்தது டால்பி 'பி' முறை. பதிவில் மெல்லிய கீச்சொலிகளை 10 டெசிபல் வரை உயர்த்தும். ஓட்டும்போது அதே அளவு தாழ்த்தும். கூடவே இரைச்சலும் தாழும்.

எவ்வளவு தாழ்த்துவது என்பதை ஒலியின் பலத்தைப் பார்த்தே அது தீர்மானிக்கிறது. நடுவில் ஈக்வலைசர் புகுந்து பலத்தை மாற்றினால் கணக்குத் தப்பும். ஆகவே டால்பி முன்னே, ஈக்வலைசர் பின்னே. டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டுக்கு அந்த ஸ்விட்சைப் போட்டால் குரல் மங்கும்.

ஈக்வலைசர் எங்கே?

ஆம்ப்ளிபையரின் பின்புறம் 'டேப் மானிட்டர்' சாக்கெட்டுகள் இருந்தால், ஈக்வலைசருக்கு அதுவே இடம். ஆம்ப்ளிபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒருபோதும் வைக்கக் கூடாது, கருவி பாழாகும்.

குமிழ்களை உச்சிக்குத் தள்ளுவதும் ஆபத்து. 10 டெசிபல் கூட்டினால் அந்த ஒலிக்குப் பத்து மடங்கு மின்சக்தி வேண்டும். 10 வாட் ஆம்ப்ளிபையர் 100 வாட்டுக்கு எங்கே போகும்? ஒலி கிழியும்; ஸ்பீக்கரும் கருகலாம். கூட்டுவதை விடக் குறைப்பதே நல்லது. பத்துக்குப் பத்து அறையில் அது அண்டை வீட்டாருக்கும் நல்லது.

நகல் எடுக்கும்போது

முதலில் கேசட்டின் விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அதன்பின் கை தவறி 'ரிக்கார்டு' பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது. அடுத்து, டேப் உரசும் 'ஹெட்'டைச் சுத்தமான ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர விடுங்கள். குரல் மங்கப் பெரும்பாலும் அங்கே படிந்த அழுக்கே காரணம். அதைத் துடைக்காமல் ஈக்வலைசரைக் கூட்டினால் இரைச்சல்தான் பெருகும்.

பிறகு டேப் ரிக்கார்டரின் 'லைன் அவுட்' சாக்கெட்டிலிருந்து நேரே கம்ப்யூட்டரின் 'லைன் இன்' சாக்கெட்டுக்கு ஒயர் போடுங்கள். நடுவில் ஈக்வலைசர் வேண்டாம். கேட்கும்போது செய்யும் மாற்றத்தை ஒரு குமிழில் திருப்பிவிடலாம். நகலில் ஏறிய மாற்றம் ஏறியதுதான். டேப்போ ஆண்டுக்கு ஆண்டு நைந்து வருகிறது. மறுமுறை ஓடும் என்பதற்கு உறுதி இல்லை.

மாற்றம் செய்யாத அந்த முதல் நகலைத் தனியே பத்திரப்படுத்துங்கள். ருசிக்கு ஏற்ற மாற்றங்களை இரண்டாவது நகலில் செய்து பாருங்கள்.